டைனமோ இருந்த இடம்

மேட்டுப்பாளையத்தில், கோத்தகிரி சாலை மலையேறத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் அமலோற்பவத்தின் பட்டறை இருந்தது. வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை மட்டும் செய்வார். பஸ் டெப்போ ஒன்றில் பதினான்கு வருஷம் வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாகப் போட்ட பட்டறை. வயது நாற்பத்தொன்று. அதிகம் பேச மாட்டார். உருளைக்கிழங்கு மண்டிக்கு வரும் லாரிக்காரர்கள் அவரை மேஸ்திரி என்றே கூப்பிட்டார்கள்.

ஆனி மாதம் ஒரு காலை, பழைய கார் ஒன்றை வேனில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார் நஞ்சப்பன். இரண்டு பேர் மட்டும் உட்காரும் கார். மேலே துணிக் கூரை. அறுபத்திரண்டாம் வருஷத்து இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். பின்பக்கம் நசுங்கி, தட்டி நிமிர்த்தி, புதிதாகப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தது.

நஞ்சப்பனுக்கு வயது ஐம்பத்தொன்பது. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிராயிங் போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எஸ்டேட் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த அந்தக் காரை வாங்கி, நான்கு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து ஓடவைத்தவர்.

"டைனமோவை எடுத்துட்டு ஆல்டர்னேட்டர் போடணும்," என்றார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் மெஷினின் பழைய வகை டைனமோ; புதிய வகை ஆல்டர்னேட்டர்.

"விட்டுட்டுப் போங்ணா. பத்து நாள்ல முடிச்சுத் தரேன்."

"நீங்க போட வேண்டாம். நான் போடணும். எனக்குக் கத்துக்குடுங்க."

அமலோற்பவம் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார்.

"எதுக்கு?"

நஞ்சப்பன் சொன்னார். போன வருஷம் ஐப்பசியில், மனைவி தெய்வானையோடு கோத்தகிரிக்குப் போய்க்கொண்டிருந்தார். மத்தியானம் மூன்று மணிக்கே மூடுபனி. நல்ல மழை. முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. முதலில் வைப்பர் நின்றது. பிறகு முன்விளக்கும் பின்விளக்கும் மங்கி அணைந்தன. கடைசியில் இஞ்சினும் நின்றது. வளைவில் இருட்டாக நின்ற காரைப் பின்னால் வந்த வேன்காரன் பார்க்கவில்லை.

தெய்வானை மேட்டுப்பாளையம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவருடைய வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் ஊசியைப் பிடித்தால் கை நடுங்கியது. குழந்தைகளுக்கு நரம்பு தேடி ஊசி போட வேறு வார்டுகளிலிருந்துகூட அவரைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது வாசலில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறார்.

"அதுக்கப்புறம் அவ இந்தக் கார்ல ஏறல. மறுபடி ஏத்தணும். வேற ஆள் செஞ்ச வேலையை நம்பி ஏத்த மாட்டேன். ஒவ்வொரு போல்ட்டும் நானே மாட்டினதா இருக்கணும்."

அமலோற்பவம் யோசித்தார்.

"நான் கைவைக்க மாட்டேன்."

"சரிங்க."

"எனக்கு வேற வண்டிகளும் இருக்கு. ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான்."

"சரிங்க மேஸ்திரி. இன்னைக்குக் கேள்வி, எங்கிருந்து ஆரம்பிக்கறது?"

அமலோற்பவம் அரைகுறையாகச் சார்ஜ் ஏறிய ஒரு பேட்டரியைக் கொண்டுவரச் சொல்லி அதைக் காரில் மாட்டச் சொன்னார். கார் சுவரைப் பார்த்தபடி நின்றது. சாவியைத் திருப்பும்போது அமலோற்பவம் டாஷ்போர்டை ஒருமுறை உற்றுப் பார்த்தார். இஞ்சின் ஓடத் தொடங்கியதும் முன்விளக்கையும் வைப்பரையும் போட்டார்.

"உட்காருங்க. ஆக்ஸிலேட்டர்ல கால் வைக்காதீங்க. சுவரைப் பாருங்க."

போய்விட்டார்.

நஞ்சப்பன் பார்த்தார். சுவரில் விழுந்த வெளிச்சம் வெள்ளையாக இருந்தது. பிறகு மஞ்சளானது. முக்கால் மணி நேரத்தில் பழுத்த இலை நிறத்துக்கு வந்தது. வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றது. அவருடைய கால் தானாக ஆக்ஸிலேட்டரைத் தேடிப் போனது. இழுத்துக்கொண்டார். இன்னும் சற்று நேரத்தில் இஞ்சின் இருமி நின்றது.

அமலோற்பவம் வந்தபோது நஞ்சப்பனின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"டைனமோ மெதுவாச் சுத்தினா கரண்டு குடுக்காது. அதனாலதான் அன்னைக்கும் அப்படி ஆச்சு," என்றார் நஞ்சப்பன்.

"அதனால மட்டுமா?"

"வேற என்ன?"

"அது நாளைக்குக் கேள்வி."

மறுநாள் டைனமோவைக் கழற்றிப் பிரித்தார்கள். உள்ளே கரண்டை வெளியே எடுக்கும் கார்பன் துண்டுகள் இரண்டும் தேய்ந்து நகக்கண் அளவுக்கு வந்திருந்தன. அமலோற்பவம் அவற்றை எடுத்து நஞ்சப்பனின் உள்ளங்கையில் வைத்தார்.

"வேகமாச் சுத்தினாலும் இது குடுத்திருக்காது. ஒரே நாள்ல இப்படித் தேயாதுங்ணா. மாசக்கணக்காச் செத்துக்கிட்டிருந்திருக்கு."

நஞ்சப்பன் உள்ளங்கையை மூடிக்கொண்டார். அன்றைக்கு அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

அடுத்து பிராக்கெட். ஆல்டர்னேட்டர் டைனமோவைவிடக் குட்டையானது. பழைய பிடிமானத்தில் உட்காராது. நஞ்சப்பன் வீட்டிலேயே டிராயிங் போட்டு, இரும்புப் பட்டையை அறுத்து, துளையிட்டு எடுத்துவந்தார். மாட்டினார். அமலோற்பவம் ஒரு நீள இரும்பு ஸ்கேலை எடுத்து, பெல்ட் ஓடும் இஞ்சின் புல்லியிலிருந்து ஆல்டர்னேட்டர் புல்லிவரைக்கும் பிடித்துக் காட்டினார்.

"ரெண்டு மில்லி வெளியே நிக்குது."

"ரெண்டு மில்லிதானே மேஸ்திரி. ஓடாதா?"

"ஓடும்."

"அப்புறம்?"

"எதுவரைக்கும் ஓடும்னு எனக்குத் தெரியாது. இதே பெல்ட்தான் தண்ணி பம்பையும் சுத்துது. மலையில பெல்ட் கழண்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

நஞ்சப்பன் கழற்றி எடுத்துப் போனார். இரண்டாவது பிராக்கெட் ஒரு மில்லி உள்ளே போனது. மூன்றாவதில் துளை பெரிதாகிவிட்டது. நான்காவதை அறுக்கும்போது பிளேடு பட்டு இடது கட்டைவிரல் கிழிந்தது. வீட்டில் தெய்வானை மருந்து வைத்துக் கட்டினார். ஒரு கையால் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டார். நஞ்சப்பன் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது பிராக்கெட்டில் ஸ்கேல் இரண்டு புல்லிகளிலும் ஒன்றாகப் படிந்தது. அமலோற்பவம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். இருபது நாட்களில் அவர் சொன்ன முதல் பாராட்டு அந்தத் தலையசைப்புதான்.

பிறகு ஒயரிங். அந்தக் காலத்துக் காரில் பேட்டரியின் பிளஸ் பக்கத்தைத்தான் பாடியில் சேர்த்திருப்பார்கள். ஆல்டர்னேட்டருக்கு மைனஸ் பாடியில் இருக்க வேண்டும்.

"எல்லாத்தையும் நீங்களே மாத்துங்க," என்றார் அமலோற்பவம். "ஆனா பேட்டரியை மாட்டறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடணும். தலைகீழா மாட்டினா மெஷின் ஒரு நொடியில புகைஞ்சுடும்."

நஞ்சப்பன் ஒவ்வொரு ஒயரையும் தாளில் வரைந்து எண் போட்டார். காயிலில் மாற்றினார், மீட்டரில் மாற்றினார், டைனமோவுக்கு மட்டுமே தேவைப்பட்ட பழைய கட்அவுட் பெட்டியை விலக்கினார். மெல்லிய ஒயர் இருந்த இடத்தில் தடித்த ஒயர் இழுத்தார். கேபிளைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். அமலோற்பவம் தாளைப் பார்க்கவில்லை. காரின் அடியில் படுத்து ஒயர்களை விரலால் தடவிக்கொண்டே போனார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"மாட்டுங்க."

நஞ்சப்பன் சாவியைத் திருப்பினார். இஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. விளக்கைப் போட்டார். சார்ஜ் மீட்டரின் முள் மைனஸ் பக்கம் சாய்ந்தது. அங்கேயே நின்றது.

ஆக்ஸிலேட்டரை மிதித்தார். முள் அசையவில்லை.

இஞ்சினை நிறுத்தினார்.

"சார்ஜ் ஆகல."

"ஆமா."

"நான் எங்க தப்புப் பண்ணினேன்?"

"நீங்க செஞ்சதுல தப்பு எதுவும் இல்ல."

அவ்வளவுதான் அன்றைய பதில்.

நஞ்சப்பன் பெல்ட்டைப் பார்த்தார். இறுக்கம் சரி. ஆல்டர்னேட்டரைக் கழற்றித் தனியாகச் சுற்றிச் சோதித்தார். மெஷின் நன்றாக இருந்தது. எண் போட்ட தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முனையையும் திறந்து, சுரண்டி, மறுபடி முறுக்கினார். மறுநாளும் அதையே செய்தார். மூன்றாம் நாள் தாளையே புதிதாக வரைந்தார். முள் மைனஸிலேயே கிடந்தது.

நான்காம் நாள் மத்தியானம் அமலோற்பவம் ஒரு டிராக்டருக்கு ஸ்டார்ட்டர் மாட்டிக்கொண்டிருந்தார். நஞ்சப்பன் அருகே போய் நின்றார்.

"மேஸ்திரி. எல்லாம் சரின்னா முள் ஏன் எழும்ப மாட்டேங்குது?"

"மாட்டினதையே திரும்பத் திரும்பப் பார்க்கறீங்க."

"வேற எதைப் பார்க்கறது?"

அமலோற்பவம் ஸ்பேனரை நிறுத்தவில்லை.

"கழட்டினதை."

"டைனமோ அங்க கிடக்கு. கட்அவுட்டும் அங்கதான் இருக்கு."

"என் பட்டறைக்கு வந்தப்புறம் கழட்டினது அதெல்லாம்."

நஞ்சப்பன் காருக்குப் போனார். கதவைத் திறந்து உட்கார்ந்தார். ஸ்டீயரிங்குக்குப் பின்னால், டாஷ்போர்டில், பொத்தான் அளவுக்குச் சிவப்புக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதன்மேல் விரலை வைத்தார். எடுக்கவில்லை.

அமலோற்பவம் டிராக்டர் வேலையை முடித்து, கை கழுவிக்கொண்டு வரும்வரை அவர் அப்படியே இருந்தார்.

"இந்த விளக்குக்குப் பின்னாடி பல்பு இல்ல," என்றார் நஞ்சப்பன்.

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"முதல் நாள் சாவியைப் போட்டேன். எரியல."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"கழட்டினவருக்குத் தெரியுமே."

நஞ்சப்பன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"மெதுவாப் போறப்ப இது எரியும். தெய்வானை கேப்பா. 'ஏனுங்க, அந்தச் சிவப்பு எரியுதே, ஏனுங்க?' பழைய காருன்னா அப்படித்தான் எரியும்பேன். அது நெசந்தான். அப்புறம் ஒரு நாள் வேகமாப் போறப்பவும் எரிஞ்சது. மறுபடி கேட்டா. நாலு வருஷம் கஷ்டப்பட்டுச் செஞ்ச வண்டி. வந்து உட்கார்ந்ததும் குறை சொல்றாளேன்னு எனக்குக் கோபம். மறுநாள் பல்பைக் கழட்டிட்டேன். 'பாரு, சரி பண்ணிட்டேன்'னு சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"சந்தோஷப்பட்டா."

டிராக்டர்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சத்தம் அடங்கியதும் நஞ்சப்பன் தொடர்ந்தார்.

"மூணு வாரம் கழிச்சுத்தான் அந்த மூடுபனி. டைனமோ கைவிட்டுடுச்சுன்னு ஆஸ்பத்திரியில சொன்னேன். சொந்தக்காரங்ககிட்ட சொன்னேன். உங்ககிட்டயும் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாயிடுச்சு."

அமலோற்பவம் அலமாரியிலிருந்து ஒரு சிறிய பல்பை எடுத்துவந்து நீட்டினார்.

"டைனமோ வண்டியில இது சேதி சொல்ற விளக்கு. அவ்வளவுதான். ஆல்டர்னேட்டருக்கு அப்படி இல்ல. முதல் கரண்டு இந்தப் பல்பு வழியாத்தான் மெஷினுக்குள்ள போகும். அது போனாத்தான் மெஷின் முழிக்கும். சில மெஷின் வேகமா முறுக்கினா தானா முழிச்சுக்கும். இது முழிக்காது."

நஞ்சப்பன் தலையை டாஷ்போர்டுக்கு அடியில் நுழைத்துப் பல்பை மாட்டினார். இரண்டு முறை கை தவறிக் கீழே விழுந்தது. சாவியைத் திருப்பினார். சிவப்பு எரிந்தது. இஞ்சின் ஓடியது. சிவப்பு அணைந்தது. மீட்டர் முள் எழுந்து பிளஸ் பக்கம் போய் நின்றது. முன்விளக்கின் வெளிச்சம் சுவரில் வெள்ளையாக விழுந்தது. ஆக்ஸிலேட்டரில் கால் இல்லை.

நஞ்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வண்டி தயார். நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வரேன்."

"பல்பு விஷயம் அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது." பிறகு கொஞ்சம் உரக்கச் சொன்னார். "இப்பச் சொல்லி என்ன ஆகப்போகுது மேஸ்திரி? கை திரும்பி வருமா? இனி வண்டி நிக்காது. அது போதாதா?"

அமலோற்பவம் பட்டறைக் கதவை இழுத்துப் பூட்டினார். வந்து காரில் நஞ்சப்பனுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

"கிளம்புங்க. கோத்தகிரி."

மலையேறும்போதே தூறல் தொடங்கியது. குஞ்சப்பனை என்ற ஊரைத் தாண்டியதும் மூடுபனி இறங்கிவிட்டது. சிமெண்ட் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் முதல் கியரில் முனகிக்கொண்டு போனது. அதை முந்த இடமில்லை. நஞ்சப்பன் விளக்கைப் போட்டார், வைப்பரைப் போட்டார். கார் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. வைப்பர் ஒரே தாளத்தில் ஆடியது. விளக்கு மங்கவில்லை. நஞ்சப்பனின் கண் சாலைக்கும் மீட்டருக்குமாக ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வளைவு வந்தது. லாரி அங்கே நின்றுவிட்டது. எதிரே ஒரு பஸ் திரும்ப முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. பின்னால் ஏதோ வண்டியின் ஹாரன் கேட்டது.

"இந்த இடம்தான்," என்றார் நஞ்சப்பன்.

அமலோற்பவம் இரண்டு கைகளாலும் சீட்டின் விளிம்பைப் பிடித்திருந்தார். நஞ்சப்பன் அதைக் கவனித்தார்.

"பயமா இருக்கா மேஸ்திரி?"

"இருக்கு."

"அப்புறம் எப்படி ஏறினீங்க?"

"நீங்க என்கிட்ட உண்மையைச் சொல்லிட்டீங்கள்ல."

பஸ் திரும்பியது. லாரி நகர்ந்தது. கோத்தகிரி போய்த் திரும்பினார்கள். பட்டறை வாசலில் நஞ்சப்பன் அமலோற்பவத்தை இறக்கிவிட்டார். மணி நாலே முக்கால். கார் வீட்டுப் பக்கம் போகாமல் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது.

அதற்குப் பிறகு அவர் பட்டறைக்கு வரவில்லை. அமலோற்பவமும் விசாரிக்கவில்லை. பதிமூன்றாம் நாள் சாயங்காலம் பச்சைக் கார் வந்து நின்றது. நஞ்சப்பன் இறங்கினார். சரியாகத் தூங்காத முகம்.

"சொல்லிட்டேன்," என்றார்.

"ம்."

"ஆஸ்பத்திரி வாசல்லயே சொன்னேன். முழுசாக் கேட்டா. என் முகத்தைப் பார்த்தா. கையைப் பார்த்துக்கிட்டா. அப்புறம் வீட்டுக்குப் போக எங்க ஊர் காரமடை பஸ்ல ஏறிப் போயிட்டா."

"நீங்க?"

"பஸ்ஸுக்குப் பின்னாடியே ஓட்டிக்கிட்டுப் போனேன். மறுநாளும் வாசல்ல போய் நின்னேன். கதவைத் திறந்து வச்சேன். அவ பஸ்லதான் போனா. நானும் பின்னாடியே போனேன். பன்னெண்டு நாளா அப்படித்தான்."

"வீட்டுல?"

"சோறு போடறா. பேச மாட்டா. நேரம் வேணும்னு புரியுது. வீட்டுல போய் உட்கார்ந்துக்கிட்டு அவ வர்றதுக்குக் காத்திருக்க என்னால முடியல மேஸ்திரி. அதான் பின்னாடியே போறேன்."

அமலோற்பவம் ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தார். நஞ்சப்பன் உட்காரவில்லை.

"நேத்து பேசினா."

"என்ன?"

"பஸ்ல கடைசி சீட்டுல உட்கார்ந்திருந்தா. மழை இருட்டு, அதனால விளக்கைப் போட்டிருந்தேன். காரமடையில இறங்கினதும் நேரா காருகிட்ட வந்தா. 'உங்க லைட்டு பஸ்ஸுக்குள்ள கண்ணைக் கூசுது. இறக்கி வைங்க'ன்னா. சொல்லிட்டு நடந்து போயிட்டா."

அமலோற்பவத்தின் முகத்தில் சிரிப்பு வந்தது. அவர் அதை மறைக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டினார். நஞ்சப்பன் காரைச் சுவரைப் பார்க்க நிறுத்தி, இரண்டு விளக்குகளின் வெளிச்சத்தையும் சுவரில் ஒரு சாண் கீழே இறக்கினார். தள்ளிப்போய், பஸ் சீட்டின் உயரத்துக்குக் குனிந்து பார்த்தார். திரும்பி வந்து இன்னும் அரைச் சுற்று முறுக்கினார். மறுபடி போய்ப் பார்த்தார். போதும் என்று தோன்றும்வரை நான்கு தடவை நடந்தார்.

ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்.

"இன்னும் எத்தனை நாள் ஆகும் மேஸ்திரி?"

அமலோற்பவம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பெட்ரோல் இருக்கா?"

"இருக்கு."

"அப்பக் கிளம்புங்ணா. அஞ்சரைக்கு பஸ் எடுத்துருவான்."